பதினேழாம் இலக்கப் படம்

கண்ணாடிக் கடை வைத்திருப்பதால்
என்னையும் நடுவராக்கினார்கள்.
காத்தான்குடி வாசிகசாலை மேல்மாடி.
மேசையில் பதினேழாம் இலக்கப் படம்:
கரைமணலுக்கு மேலே ஒரு முழ உயரத்தில்
மிதக்கிறது தோணி.
கீழே அதன் நிழல்.

"கம்ப்யூட்டர் வேலை" என்றார் இஸ்ஸதீன் சேர்.

இல்லை.
நிழலே இல்லை அது.
யாரோ மீன் கழுவி ஊற்றிய தண்ணீர்,
தோணியின் நீளத்துக்கு
மணலைக் கறுப்பாக்கியிருக்கிறது.
தோணி தரையில்தான் கிடக்கிறது.

"பிடிபட்ட பிறகு இதில என்னகா இருக்கு?"
திலகேஸ்வரி மிஸ் புள்ளித்தாளைக் கவிழ்த்தார்.
சிறப்புப் பரிசு ஒன்றே ஒன்று.
வயலுக்குள் யானை இறங்கும் படமும்
வரிசையில் காத்திருந்தது.

கதவடி மட்டும் பின்னால் போனேன்,
கடையில் ஆட்களை நிறுத்தும் தூரம்.
வலக்கண்ணைப் பொத்தினேன்: மிதந்தது.
இடக்கண்ணைப் பொத்தினேன்: மிதந்தது.
தண்ணீர், தண்ணீர் என்று
வாய்க்குள் சொல்லிக்கொண்டே பார்த்தேன்.
தரை தட்டியது.
மூச்சு விட்டேன்,
மறுகா எழும்பிற்று.

ஒரு நாளைக்கு முப்பது பேரிடம்
"இப்ப சரியாத் தெரியுதா?" என்று கேட்பவன் நான்.

பத்துக்கு ஒன்பது போட்டேன்.
மிச்ச ஒன்று
வாளியோடு போன ஆளுக்கு.
விண்ணப்பத்தில்
அவர் பெயர் இல்லை.