ஒன்பதா, எட்டா

மருத்துவ வேனின் பட்டியலில் நூற்று இருபது பேர்.
தொழிலாளர் ஆய்வாளரின் பட்டியலில் தொண்ணூறு.
இரண்டிலும் இருப்பவர்கள் ஒன்பது.
பெருக்கு, வகு:
ஃபோஜா சமவெளியின் தக்காளி வயல்களில்
ஆயிரத்து இருநூறு பேர்.
எங்கள் கண்ணில் பட்டது இருநூற்று ஒருவர்.
மீதியை அந்த ஒன்பது பேர் வழியாகத்தான்
பார்க்கிறேன்.

ஏரி மீனுக்கு வந்த கணக்கு இது.
பிடி, துடுப்பில் ஒரு நறுக்கு, விடு.
மறுவாரம் வலை வீசி
நறுக்குப் பட்டவை எத்தனை என்று எண்ணு.
அரிதாக அகப்பட்டால் ஏரி பெரிது.
பதினோரு வருடம் பாடம் நடத்தியும்
"விடு" என்ற சொல்லில் நான் நின்றதில்லை.
மீனைத் தண்ணீரில் விட்டோம்.
இவர்களை?
கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து,
அதே மேஸ்திரியின் வண்டியில்.

ஒன்பதாம் ஆளில்தான் தகராறு.
வேன் பட்டியலில் எப்ரிமா சான்யாங்.
ஆய்வாளரிடம் இப்ராஹிம் சான்யான்.
பிறந்த நாள் இரண்டிலும் ஜனவரி ஒன்று;
இங்கே பாதிப் பேர் ஜனவரி ஒன்றில்தான் பிறந்தார்கள்,
படிவத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று.
ஒருவரேயென்றால் ஆயிரத்து இருநூறு.
வேறு வேறென்றால் ஆயிரத்து முன்னூற்று ஐம்பது.
ஒரு 'ங்'கில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்
நூற்றைம்பது பேர்.

"சின்ன எண்ணையே எடு,
அதற்கே படுக்கை போதாது"
என்றாள் ரோமிலிருந்து லோரெதானா.

கேட்கப் போனேன்.
பிளாஸ்டிக் தாள் போர்த்திய குடிசைகளுக்கு நடுவே
கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து
கட்டைவிரலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தான் எப்ரிமா.
"வேனுக்கு வந்தது நான்.
ஆய்வாளர் முன்னால் நின்றது என் அட்டை.
மாதம் அறுபது யூரோ வாடகை.
யார் கையில் இருந்தது
மேஸ்திரிக்குத்தான் தெரியும்."
பல்லால் டேப்பை அறுத்தான்.
"உங்கள் கணக்கில் நான் ஒன்றா, இரண்டா?"

பெயர் இரண்டு முறை அகப்பட்டிருக்கிறது.
ஆள் ஒரு முறை.
இன்னொருவன்
தன் பெயரில் எங்குமே அகப்படவில்லை.

இரவு, ஒன்பதை அடித்து எட்டு என்று எழுதினேன்.
நூற்றைம்பது பேர் வந்து சேர்ந்தார்கள்,
கதவு கூடத் திறக்காமல்.
அனுப்பும் முன்
மற்ற எட்டுப் பெயர்களையும் ஒருமுறை படித்தேன்.
அவர்களில் யாரிடமும்
நான் போய்க் கேட்டதில்லை.