போயா நாளுக்கு ஒரு திட்டம்

கோதுமை மாப் பையின் உள்தாளைக் கிழித்து
பென்சிலால் கடல் வரைந்துகொண்டிருக்கிறோம்.
சோத்துப் பார்சல் பிரித்தபடி கிடக்கிறது.
சுவருக்கு அந்தப்பக்கம் ஆலை அரைக்கிறது,
அதனால் ஒவ்வொரு தீவையும்
கத்தித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஜன்னலால் பார்த்தால் சோபர் தீவு.
ஒன்பது வருஷமாக ஜன்னலால் பார்த்தால் சோபர் தீவு.
துஷாரா முதல் வட்டத்தை அதற்குத்தான் போட்டாள்.
கடற்படைக்குக் கடிதம் எழுதவேணும்,
நாலு பேரின் அடையாள அட்டைப் பிரதி,
போகிற காரணம்
(பார்க்க என்று எழுதலாமா?),
பதில் வருவதற்குள் அடுத்த போயாவும் தேய்ந்துவிடும்.
வட்டத்துக்கு மேல் ஒரு பெருக்கல் குறி.
தீவு அசையவில்லை.

பிறகு ஃபோனில் நஸ்வர், நிலாவெளி.
வள்ளத்தின் பெயர் மைமூனா இரண்டு.
ஒன்று எங்கே என்று பெர்ணதெத் வாய் திறந்தாள்,
மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன்.

"ஆறரைக்கு நில்லுங்க தங்கச்சி,
ஏழு எண்டா ஏழரையாகும், பிறகு சனம்.
பதினொண்டு தாண்டக் கச்சான் எழும்பும்,
அதுக்குப் பிறகு நான் ஓட்டுறதில்ல,
கடல்தான் ஓட்டும்.
அணியத்தில இருக்கிறவ நனைவா,
ஆரெண்டு இப்பவே சண்டை பிடிச்சு முடியுங்க."

பெரிய புறாத்தீவு, ஒன்றரை மணித்தியாலம்.
சின்னப் புறாத்தீவு, சுற்றிவந்து பார்ப்பது மட்டும்.
வடக்கே, நஸ்வர் பேர் சொல்லாத ஒரு பாறை,
தண்ணீர் வற்றினால் நாலு பேர் நிற்கலாமாம்,
ஐந்தாவது ஆள் வள்ளத்தில்.
நாங்கள் சரியாக நாலு பேர்.
இதைக் கேட்டதும் ஃபர்ஹானா
பாறையைப் பென்சிலால் இருமுறை தடிப்பாக்கினாள்.

நீந்தத் தெரிந்தவர் கை உயர்த்துங்கள் என்றேன்.
இந்தக் குடாவின் நாலு கரையில் பிறந்தவர்கள்.
ஒரு கையும் எழும்பவில்லை,
என்னுடையதும்.
லைஃப் ஜாக்கெட் நாலு, என்று எழுதி
கீழே கோடு போட்டேன்.

சில் எடுக்கிற நாளில் நீ கடலுக்கு வரலாமா
என்றோம் துஷாராவிடம்.
அம்மா எனக்கும் சேர்த்து எடுப்பா, என்றாள்,
எனக்கும் சேர்த்துத்தானே நீங்களும் மீன் தின்னப்போறீங்க.
இடியப்பம் பெர்ணதெத், தேத்தண்ணிப் போத்தல் நான்,
பொலித்தீன் தீவுக்கு ஏறாது, வாழையிலை யார்?
எண்ணெய் விலை கூடினால்
தலைக்கு இன்னும் முந்நூறு.
மாதக் கடைசி.
பாறையை வெட்டலாமா என்ற பேச்சு வந்தது.
ஃபர்ஹானா பென்சிலைத் தரவில்லை.

எல்லாம் எழுதி முடிய
ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவில்
ஒரு வரி வெறுமையாக இருந்தது.
அதில் என்ன என்று கேட்டார்கள்.
கத்திச் சொல்ல ஏலாத விஷயம் அது.
ஃபோனை எடுத்துக்கொண்டு
சாக்கு அடுக்கின் பின்னால் போனேன்.

நஸ்வர் காக்கா, நடுக்கடலில் அரை மணித்தியாலம்
எஞ்சினை நிப்பாட்டி வைக்க எவ்வளவு?

"நிப்பாட்டி?"
ஓம்.
"மீன் பிடிக்கவா?"
இல்லை.
"படம் எடுக்கவா?"
இல்லை.

அவர் பக்கத்தில் யாரோ வலை உதறுகிற சத்தம்,
என் பக்கத்தில் ஆலை.
ரெண்டுக்கும் நடுவில் அவர் கணக்குப் பார்த்தார்.

"அதுக்கு எண்ணெய் போகாது தங்கச்சி.
காசு கேக்கேலாது.
ஆனா வள்ளம் ஓரிடத்தில நிக்காது, இழுபடும்,
எந்தப் பக்கமெண்டு நான் பொறுப்பில்ல."

மணி அடித்தது.
திரும்பி வந்து அந்த வரியில்
இழுபடுதல், என்று எழுதினேன்.
எழுத்துப் பிழை என்றாள் பெர்ணதெத்.
காகிதத்தை மடிக்கப் பார்த்தால்
தீவுகள் எல்லாம் மா.