ஸ்தாகபர்

தரம் எட்டு. இரண்டாம் பாடவேளை.
கபிஷனின் ஒப்படையில் கடைசி வரி:
உசாத்துணை – இன்ரநெற்.
உலகம் முழுவதையும் ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டுப்
பேனையை மூடி வைத்திருந்தான்.

"கீரிமலைக்கு எப்பிடிப் போறது எண்டு கேட்டால்
றோட்டால எண்டு சொல்லுவியோ?"
வகுப்பு சிரித்தது. அவனும்.

கரும்பலகையில் எழுதினேன்:
ஆர் சொன்னது?
அவைக்கு எப்பிடித் தெரியும்?
வேறை ஆர் சொல்லினம்?

அந்தக் கிழமை
அளவெட்டியில் சில வீடுகளில் சோறு ஆறியது.
முருங்கையிலை பிரசருக்கு நல்லதென்ற தாயிடம்
ஆதாரம் கேட்டிருக்கிறாள் ஒருத்தி.
வெங்காயம் விலை ஏறப்போகுது என்ற சித்தப்பாவை
அபினயன் மறித்திருக்கிறான்.
"போய் உன்ரை ரீச்சரைக் கேள்" என்றாராம் அவர்.

நான் கொடுத்த தலைப்பு லேசானது:
எங்கள் பாடசாலையின் வரலாறு.
விடை எனக்குத் தெரியும், அதனால்தான் கொடுத்தேன்.
வாசல் வளைவில் வெட்டியே இருக்கிறது, 1889 என்று.

யதுர்ஷிகா மூன்று மலர்களோடு வந்தாள்.
எழுபத்தைந்தாம் ஆண்டு மலர்.
றோணியோவில் அடித்து, மை ஊறிய நூற்றாண்டு மலர்.
வழுவழுப்பான நூற்றிருபத்தைந்து.
மூன்றிலும் 1889.
"மூண்டு மூலம் கிடைச்சிட்டுது. காணும்" என்றேன்.

அவள் போகவில்லை.
ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.
ஸ்தாகபர்.

ஸ்தாபகர் என்று வரவேண்டியது.
எப்போதோ ஓர் இரவு
அச்சுக்கோர்த்தவர் கண்ணயர்ந்த நேரம்
பகரமும் ககரமும் இடம் மாறி இருந்துவிட்டன.
அடுத்த மலரிலும் ஸ்தாகபர்.
அதற்கடுத்ததிலும்.

"ரீச்சர், இது மூண்டு பேர் சொன்னதில்லை.
ஒராள் சொன்னதை
ரெண்டு பேர் பாத்து எழுதினது."

அந்த இரண்டாவது ஆள் நான்.
கட்டுரையின் கீழே என் பெயர், பட்டங்களோடு.
மலர்க்குழு நெருக்கிய ஒரு பின்னேரம்
பழைய மலரை மடியில் விரித்து வைத்து,
பரீட்சை மண்டபத்தில் கண்டால்
எழுப்பி வெளியே விடுவேனே, அதையே செய்தேன்.

அவள் பையிலிருந்து இன்னொன்று எடுத்தாள்.
காணிக் கந்தோரில் வேலை செய்யும் தாய்
விண்ணப்பம் எழுதி, காசு கட்டி
எடுத்துக்கொடுத்த உறுதியின் பிரதி.
ஆண்டு 1911. நாவலடிப்புலம் எனும் காணி.
பத்துப் பரப்பு, புகையிலைச் செய்கை,
கிணற்றில் பாதிப் பங்கு.

"அப்ப பள்ளிக்கூடம் 1911க்குப் பிறகுதான் தொடங்கினதோ?"
அவசரப்பட்டது நான்.

"இல்லை ரீச்சர்.
முதல் வேறை எங்கையும் நடந்திருக்கலாம்.
இந்தக் காணியில அப்ப பொயிலை நிண்டது.
அவ்வளவுதான் தெரியும்."

இந்தக் கடைசி வசனத்தை நான் படிப்பிக்கவில்லை.
பாடநூலிலும் இல்லை.

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ரொறன்ரோப் பிள்ளையள் காசு அனுப்பி வைச்ச கல்லு.
வாற மாதம் பரிசளிப்பு.
இப்ப இதை ஆரிட்டைச் சொல்லுறது?"
தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.
நானும் முடித்தேன்.

கட்டுரை வந்தது.
உசாத்துணைப் பட்டியலில் நாலாவதாக நான்:
பெயர், மலர், பக்கம் ஏழு,
பக்கத்தில் குண்டு எழுத்தில்
'உறுதிப்படுத்த முடியவில்லை.'
சிவப்புப் பேனையைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் இருந்தேன்.
பிறகு சரி போட்டேன்.

பள்ளி விட்டு,
சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால்
கபிஷன் வளைவின் கீழே அண்ணாந்து நிற்கிறான்.
வாயைத் திறந்தபடி,
ஒரு கையில் கொப்பி.

நானும் பார்த்தேன்.
பொன் நிற எழுத்து, பளிங்கில் ஆழமாக:
ஸ்தாகபர்.
என் கட்டுரையைப் பார்த்துத்தான் வெட்டியிருப்பார்கள்.
எத்தனை வருடம் இதற்குக் கீழால் போய் வந்தேன்,
சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, மணி பார்த்துக்கொண்டு.

"மூண்டாவது ஆள் கல்லு வெட்டினவர், ரீச்சர்"
என்றான்.
கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான்,
நாக்கு நுனியைக் கடித்தபடி:
வாசல் வளைவு, இடப்பக்கத் தூண்,
கீழிருந்து இரண்டாவது வரி.