பழைய எண்

சார்செல்லில் நாலாவது மாடி.
லிஃப்ட் பழுது என்ற அட்டை
லிஃப்ட்டை விடப் பழையது.
வாடகை தொள்ளாயிரத்து இருபது யூரோ,
சூடேற்றத்துக்குத் தனி,
என் வலது முழங்காலுக்குத் தனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
முப்பத்தொரு வருடம்
ஆஸ்பத்திரித் தரை துடைத்ததற்கு வரும் பென்ஷன்
அங்கே இருபதாம் தேதி வரைக்கும்.
மொரீஷியஸில், மாயேபூரில்,
மாதம் முடிந்தும் மிச்சம்.
மிச்சத்தில் ஒரு மீன்.
மீன் என்பதை அடிக்கோடிட்டேன்.

முசியே வலேதோன் வீட்டைக் காட்டினார்.
இரண்டு அறை, தண்ணீர்த் தொட்டி,
தகரக் கூரைமேல் சாய்ந்த ஈரப்பலா.
பதினெட்டாயிரம் ரூபாய் என்றார்.
மனசு வகுத்து முடிப்பதற்குள்
வாய் சொல்லிவிட்டது:
மலிவுதான்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இன்னும் இரண்டாயிரம் கேட்டிருக்கலாம் என்பது
அந்தத் துடைப்பில் தெரிந்தது.

திங்கள் சந்தையில் கத்தரிக்காய்க்காரி
எனக்கென்று ஒரு விலை வைத்திருக்கிறாள்.
எனக்கு முன்னால் நிற்பவளுக்கு
அது கிடையாது.

தண்ணீர் பில் இன்னும்
மதாம் ழீனா அர்நாஷெல்லம் பெயரில்தான் வருகிறது.
அருணாசலம்தான்.
கப்பலேறி வந்து
குமாஸ்தா பேனாவில் விழுந்தெழுந்த அருணாசலம்.
சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.
செண்பகவல்லியாகப் போனவள்
பிரெஞ்சுக்காரன் அட்டையில் வல்லியாக மிஞ்சினேன்.
பில்லைக் கட்டிவிட்டு
உறையை மட்டும் இழுப்பறையில் போட்டு வைத்தேன்,
ஏனென்று தெரியாமல்.
குழாயில் அவள் கட்டிய சிவப்பு நைலான் கயிறு.
அதை அவிழ்க்காமல்
அதைச் சுற்றியே பாத்திரம் கழுவுகிறேன்.

ஜனவரியில் புயல் எச்சரிக்கை, மூன்றாம் வகுப்பு.
கடல் இரைச்சல் நின்றது போலிருந்த ஒரு பிற்பகல்
உயிரில்லை என்று நான் நினைத்திருந்த
சுவர்த் தொலைபேசி அடித்தது.

வலேதோன் வீடுதானே?
கடல் பக்க ஜன்னலுக்கு இரும்புப் பட்டை உண்டு.
கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்.
அவர் சொல்லியிருக்க மாட்டார்.
முதலில் தூக்கு, அப்புறம் தள்ளு.

தோளுக்கும் காதுக்கும் நடுவே அவளை இடுக்கிக்கொண்டு
தூக்கினேன். தள்ளினேன்.
அவள் பக்கம் ஒரு ரயில் கடந்தது.
கதவு மூடும் அந்த ஊளையை
உறக்கத்திலும் அடையாளம் சொல்வேன்.
எங்கிருந்து பேசுகிறாய்?
ஏவ்ரியிலிருந்து. கிழவர்களைக் குளிப்பாட்டுகிறேன்.

பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு:
நீங்கள்தான் மருமகளா?
மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார்.
ஒன்பதாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தேன்,
ஒரு மாதம் தவறியதில்லை.
நல்ல காரியமாயிற்றே என்று
நானும் சண்டை போடவில்லை.

எனக்கு அறுபத்திரண்டு வயது.
ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு என் வாய் நிற்கவில்லை.
வாடகை உதவிக்கு மனு போட்டாயா,
முதல் மாதத்துக்குத் தரமாட்டான், இன்றைக்கே போடு.
சந்தைக்கு ஒன்றரை மணிக்குப் போ,
கடை கட்டும் நேரம்
தக்காளியைப் பெட்டியோடு தள்ளிவிடுவான்.
முழங்காலை இப்போதே பார்த்துக்கொள்.
கோட்டு புதிது வாங்காதே.
அறைக்கு எவ்வளவு?
ஐந்நூற்றைம்பது.
அதிகம். பேரம் பேசு.
மலிவு என்று மட்டும் சொல்லிவிடாதே.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

முதல் நாளே சொல்லிவிட்டேனே
என்றாள்.

அப்புறம் கம்பி அறுந்ததோ
அவள் அட்டையில் காசு தீர்ந்ததோ,
கூரைமேல் ஈரப்பலா ஒன்று விழுந்து
உருண்டுகொண்டே போனது.
ரிசீவரை மாட்டாமல் நின்றேன்.
மருமகளுக்கு என்ன பெயர் என்று
அவள் கேட்கவில்லை.