கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிடம்

தாம்பெரே நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
பாதையின் இரு முனையிலும் ஆறு நிமிடம் தருவார்கள்,
ஓட்டுநர் கழிப்பறைக்கு ஒரு சாவியும்.
மற்றவர்களுக்கு அது காப்பி நேரம்.
எனக்கு ஏழு வருடமாக
அந்த ஆறு நிமிடத்துக்குள்தான் உயிர் இருக்கிறது.

இடையில் இருக்கும் நிறுத்தங்களில்
எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்,
யார் முகம் சுளிக்காமல் உள்ளே விடுவார்கள்
என்பது என் பெருங்குடலுக்கு மனப்பாடம்.
பூக்கடை ஐரா விடுவாள். மருந்துக்கடைக்காரர் விடமாட்டார்.
புண்பட்ட குடல். கசியும். சிவப்பாக.
நீராவி அறையில் அடுத்தடுத்து
உடையில்லாமல் உட்காருகிற ஊர் இது;
எதையும் மறைக்க மாட்டோம்.
இதை மறைத்தேன்.

பிப்ரவரியில் கண் மஞ்சளானது.
பார்த்தது நானல்ல, பணிமனையில் ரைனே.
"உன் கண்ணுக்குள் யாரோ தெருவிளக்கு போட்டிருக்கிறார்கள்."
சிரித்தேன். அரிப்பு அன்றிரவே தொடங்கிற்று,
உள்ளங்காலில், நகத்துக்கு எட்டாத ஆழத்தில்.

ஸ்கேன் எடுத்தார்கள்.
கணையம் உப்பி, மடிப்பெல்லாம் மழுங்கி
சாசேஜ் போல இருக்கிறது என்றார் மருத்துவர்.
இந்த ஊரில் அந்தச் சொல்லை அப்படிச் சொல்லக் கூடாது.
சந்தையில் கறுப்பு சாசேஜை
புளிப்புப் பழ ஜாமோடு நின்றபடி தின்று வளர்ந்தவள் நான்.
தலைப்பக்கம் ஒரு நிழல் என்றார் பிறகு.
பித்தக்குழாயை அது நெரிக்கிறது என்றார்.
புற்று என்று சொல்லவில்லை.
சொல்லாமல் அறுவைக்குத் தேதி கொடுத்தார்.

வேறு நோய் உண்டா என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதியிருந்தேன்.
பொய் என்றும் தோன்றவில்லை.
குடலின் கோப்பு குவோப்பியோ ஊரில், பழைய முகவரியில் கிடந்தது.
வயிற்றின் மேல்தளத்தில் தீ என்றால்
கீழ்த்தளத்துப் பழங்கதையை யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டாள் ஹில்ப்பா, இரவுப் பணிச் செவிலி.
"நேற்று நாலு தடவை எழுந்து போனீர்கள்."
சொட்டுநீர்க் கம்பத்தின் ஒரு சக்கரம் கீச்சிடும்.
அவள் எண்ணியிருக்கிறாள்.
நான் சுவரைப் பார்த்தபடி சொன்னேன்,
ஏழு வருடத்தையும், பூக்கடையையும்.

மறுநாள் கத்தி கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றார்கள்.
இரைப்பை வழியே ஊசி விட்டு
நூல் நூலாகச் சதை எடுத்தார்கள்.
நாளத்தின் சுவருக்குள் வெள்ளணுக்கள்
திருவிழாக் கூட்டமாய் நெருக்கியடித்து நின்றனவாம்.
புற்று இல்லை.
இரத்தத்தில் தேடிய புரதமும் அளவோடுதான் இருந்தது.
"இரண்டாம் வகை. இளவயதில் வருவது.
குடல்புண் உள்ளவர்களிடம் அடிக்கடி பார்க்கிறோம்."
ஏன் இரண்டும் சேர்ந்து வருகிறது?
"தெரியாது" என்றார்.
அந்த மருத்துவமனையில் நான் முழுதாக நம்பிய முதல் சொல்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள்.
என் வேலி ஒரு வயலை மேய்ந்து முடிக்கும் முன்னே
அடுத்த வயலுக்கும் நடந்திருக்கிறது.
பெயர் கேட்டால் இரண்டு வயல்.
உடம்பு வரப்பு போட்டதா என்ன?

பிறகு ஸ்டீராய்டு.
மூன்று மணிக்கு விழித்து
கரண்டிகளை நீளவாரியாக அடுக்கினேன்.
முகம் நிலாவாகிற்று.
கம்புரொட்டி அரைமூட்டை தீர்ந்தது.
இரண்டே வாரத்தில் நிழல் கரைந்துவிட்டது.
அறுவை மருத்துவர் கைகுலுக்கினார்,
விருந்துக்கு இலை போட்டபின்
ஆள் வரவில்லை என்று கேட்டவர்போல.

திரும்ப வரலாம் என்கிறார்கள், இங்கோ அங்கோ.
குடல் இன்னும் அதே குடல்தான்.
இன்று காலையும் பூக்கடையில் இறங்கினேன்,
டிராமுக்குள் முப்பது பேர் காத்திருந்தார்கள்,
ஒரு கிழவர் மணியடித்தார்.

கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிடம் கேட்டு
மனு எழுதுகிறேன்.
காரணம் என்ற கட்டம் சின்னது.
பெருங்குடல் என்று எழுதியதுமே நிறைந்துவிட்டது.
கணையத்தை ஓரத்தில்,
தாளைத் திருப்பிப் பிடித்து எழுதினேன்.