கொடுபடாத தந்தி

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி வாங்கில்
எழுபத்திமூன்றாம் நம்பர் துண்டோடு
என் மனுசன் இருமுகிறார்.
சளி இல்லை, காய்ச்சல் இல்லை.
பனங்காய்த் தும்பைத் தொண்டைக்குள் விட்டு
யாரோ இழுக்கிற மாதிரி ஒரு இருமல்.
மூன்று மாதமாய் எனக்கும் நித்திரை இல்லை.

மாசியில் பென்சன் எடுக்கப் போனவர்
தபால் கந்தோர்ப் படியில்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.
சீனி வருத்தம் முந்தியே இருக்கிறது.
பிறசர் நூற்றி எழுபது.
"உங்களுக்கு ஆபத்துக் கூட" என்று
வாட்டில் வைத்தே தொடங்கினார்கள் எனலாப்ரில்.

டொக்டர் மஃப்ரூஹா கொப்பியைப் புரட்டினா.
"இந்த இருமல் குளிசையாலதான். மாத்துவம்."
இவர் விடவில்லை.
இருபத்தெட்டு வருசம் தபால் சுமந்தவர்;
எங்கே போகிறது என்று பார்க்காமல்
ஒன்றையும் கையில் வாங்கமாட்டார்.

அவ பேனையை மூடிவிட்டுச் சொன்னா:
குண்டிக்காய் தொடக்கி வைக்கிற ஒரு சேதி
ரத்தத்தோடு ஓடி, குழாய் குழாயாய்,
இறுக்கு, இறுக்கு என்று சொல்லுமாம்.
பழைய குளிசை
அந்தக் கடிதத்தை எழுதி முடிக்க விடாது.
சில பேருக்கு அதிலேதான் இருமல்.
இது லோசாட்டன்.
கடிதம் எழுதுப்படும், வரும்,
வாசலில் நின்று மறிக்கும் இது.

இவர் சிரித்தார்.
சிரிப்பும் இருமலாய்த்தான் வந்தது.
ஏன் என்று எனக்குத் தெரியும்.

எண்பத்தாறு. கோட்டைக்கல்லாற்றில் ஒரு வீடு.
முற்றத்தில் மகளுக்குக் கல்யாணப் பந்தல்.
சவூதியில் மகன் முடிந்த தந்தி
இவருடைய காக்கிச் சட்டைப் பையில்.
கொடுக்கவில்லை.
பந்தியில் இருத்திச் சோறு போட்டார்கள்,
தின்றுவிட்டு எழும்பி வந்தார்.
வேர்வையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து
மூன்றாம் நாள், பந்தல் பிரித்த பிறகு
நீட்டினார்.
தகப்பன் அறைந்தான்.
கந்தோர் அரை மாதச் சம்பளத்தை வெட்டியது.
தாய் மட்டும் ஒன்றும் பேசவில்லை.
அந்த மனுசி சாகும்வரை
ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும்
ஒரு சட்டி தயிர் அனுப்பினா.

"அண்டைக்கு நான் மறிச்சா குற்றம்,
இண்டைக்குக் குளிசை மறிச்சா வைத்தியமாகா!"
பெரியகல்லாறு வரும்வரை
பஸ்ஸில் இதே கதை.

பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுத்தார்கள்.
இளநியை ஒள்ளம் குறைக்கட்டாம்.
மருந்து கொடுக்கிற பொடியன் சொன்னான்:
"ஒருநாளும் தானா நிப்பாட்டாதீங்க ஐயா,
கடிதம் மறுகா வந்திரும்."

மூன்றாம் கிழமை இருமல் நின்றது.
அன்று சாமம்
கடல் இரைவது மட்டும் கேட்டு
திடுக்கிட்டு எழும்பினேன்.
எத்தனை நாளாய்க் கேட்காத கடல்.
அவருடைய மூக்கடியில்
புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
சூடாக வந்தது.

"என்ன, தந்தியா?" என்றார்
கண் திறக்காமல்.

"ஒண்டும் வரல்ல, படுங்க."