ஆட்சேபணை இல்லை

கோப்புக்கு இப்போது நாலு கிலோ.
நாகர்கோவில் ஆட்சியரக மாடிப்படியில்
அதைச் சுமந்து ஏறும் ராஜையன் சொல்கிறார்:
"ஆத்துல ஓட வேண்டிய மிசினு, மேடம்,
இதுவர கடுதாசியிலதான் ஓடியிருக்கு."

வட்டப்பாறைத் தோடு என்கிற ஓடையில் இரண்டரை மெகாவாட்.
மார்பளவுக்கு ஒரு தடுப்பணை,
ஒன்றரைக் கிலோமீட்டர் குழாய்,
அடியில் சின்னதாய் ஒரு நிலையம்.
பேச்சிப்பாறைக்கு மேலே
ரப்பர் முடிந்து காடு தொடங்கும் இடம்.

என் வேலை ஒருங்கிணைப்பு.
அதாவது, பதினோரு துறைக்கும் ஆறு ஒன்றுதான் என்று
மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம்.
நீர்வளத் துறை முதலில் ஒப்பட்டும் என்கிறது வனத்துறை.
மின்வாரியம் அளவைத் திருத்தட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறது நீர்வளத் துறை.
காடு இடம் தந்தால்தானே குழாயின் நீளம் தெரியும்
என்கிறது மின்வாரியம்.
அம்புக்குறி போட்டுப் பார்த்தேன்,
சுவரில் அழகான வட்டம் வந்தது.
மீன்வளத் துறை மட்டும் மூன்றாம் நாளே பதில் போட்டது:
அந்தத் தோட்டில் மீன் இல்லை.

கருத்துக்கேட்பு அன்று
ஒரு பையன் தோர்த்தில் முடிந்து ஏழு மீன் கொண்டுவந்து
மேசைமேல் கொட்டினான்.
நடவடிக்கைக் குறிப்பில் அது இல்லை.

பிறகு மல்லன் காணி எழுந்தார்.
மைக் வேண்டாம் என்றார்.
"எங்களுக்கு வெள்ளந்தான் பிரச்சினை.
கொழாயில போற வெள்ளம் அங்க கீழ எறங்கும்.
எடையில இருக்குத எங்க குடிக்கு?"
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.
மின்சாரம் வேண்டாம் என்று அவர் சொல்லவேயில்லை.
அவர் குடியிலும் பல்பு இருக்கிறது,
அந்தி மயங்கும் நேரத்தில் வந்து வந்து போகும்.

கும்பகோணத்திலிருந்து மாற்றலில் வந்த சுருக்கெழுத்தர்
காதில் விழுந்ததை நேர்மையாக எழுதினார்:
"வெள்ள அபாயம் குறித்து ஒருவர் அச்சம் தெரிவித்தார்."

சென்னையில் பதறிப்போய்
பன்னிரண்டாவதாகப் பேரிடர் மேலாண்மையைச் சேர்த்தார்கள்.
ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது.
"மேற்படி இடத்தில் வெள்ளம் ஏற்பட்டதாகப் பதிவுகள் இல்லை.
எனவே ஆட்சேபணை இல்லை."

தாகம் என்று சொன்ன மனிதனின் வாயிலிருந்து
ஒரு தடையில்லாச் சான்று.

நான் குலசேகரத்துக்காரி.
வெள்ளம் கோரித்தான் குடித்து வளர்ந்தேன்.
412ஆம் பக்கத்தின் ஓரத்தில் நீல மையில் எழுதினேன்:
"இம்மாவட்ட வழக்கில் வெள்ளம் என்பது தண்ணீர்.
ஆட்சேபணை நிலுவையில் உள்ளது."

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார், திறந்தார்.
"உரிமம் கையெழுத்துக்குப் போற நேரத்துலயா, ஜெபராணி?
ஒத்த வார்த்தைக்காக மறுபடி ஒண்ணாம் பக்கமா?"
ஒத்த வார்த்தையாக இருப்பதுதான் சார் சிக்கல், என்றேன்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
பன்னிரண்டு துறையும் ஒரே அறையில்.
மேற்கூரை விசிறிக்குப் பயந்து
எல்லார் வரைபடத்தின் மேலும் கைபேசி.
சென்னை அதிகாரி வெள்ளத் தடுப்புச் சுவரின் மதிப்பீட்டை
வாசித்துக்கொண்டிருந்தார்.
ராஜையன் தட்டோடு அவர் பக்கம் குனிந்தார்:
"சாருக்கு வெள்ளம்?"

அவர் திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தார்.
அப்புறம் டம்ளரைப் பார்த்தார்.
யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
மல்லன் காணியை அந்தக் கூட்டத்துக்கு அழைக்க
விதியில் இடமில்லை.

பதினான்காவது நிபந்தனை அன்று சேர்ந்தது:
"மாசி முதல் வைகாசி வரை
தடுப்பணைக்குக் கீழே எந்நேரமும்
வினாடிக்கு ...... லிட்டர் திறந்துவிட வேண்டும்."

அந்தப் புள்ளிகள் நான் தட்டியவை.
மின்வாரியத்திடம் ஓர் எண் இருக்கிறது.
நீர்வளத் துறையிடம் வேறொன்று,
அதுவும் ஐப்பசி மழையில் அளந்தது.

நாளை பங்குனி ஒன்று, எனக்கு விடுப்பு.
முதல் பஸ்ஸில் பேச்சிப்பாறை போகிறேன்,
ஒரு பத்து லிட்டர் வாளியும்
வினாடி முள் உள்ள கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு.